பத்து தீகாவின் பந்தயத் திடல்

கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியே கோலாலம்பூர் செல்வோர் பத்து தீகாவைக் கடந்து செல்கின்றனர். இன்று அங்கே வீடுகள் மிகுந்துள்ளன. ஆயினும் நம் பெரியோர் பலருக்கு அப்பெயரைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது கார்ப் பந்தயத் திடலே ஆகும்.

அத்திடல் 1968ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சிங்கப்பூர் நம்மோடு சேர்ந்திருந்த நாளில், மலேசியப் பெரும் பந்தயம் அங்குள்ள தாம்சன் சாலையில் நடைபெற்று வந்தது. அது பொதுச்சாலை. அதன் ஓரத்தில் மரங்களும் விளக்குக் கம்பங்களும் கால்வாய்களும் இருந்தன. பாதை தவறிய வண்டிக்குப் போக்கிடம் ஏது? 1973ஆம் ஆண்டோடு அச்சாலையில் பந்தயம் நின்றது.

தனித்திடல் அமைத்தால் மட்டும் போதுமா? 1977ஆம் ஆண்டில் பத்து தீகாவில் பந்தயக் கார் ஒன்று பாதையை விட்டு விலகி, பார்வையாளரிடையே பாய்ந்தது. மாண்டவருள் சிறுவர்களும் இருந்தனர். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் வீடு திரும்பவில்லை என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் கலங்குகிறது.

மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு விநாடியில் 55 மீட்டரைக் கடந்துவிடும். அது பந்தாட்டத் திடலில் பாதி. கூச்சலிடவும் நேரமிராது. வேகம் இரு மடங்கானால், நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். ஆகவே பாதைக்கும் மக்களுக்கும் இடையே வெற்று நிலம் வேண்டும். பிடி தவறிய கார் வளைவின் வெளிப்புறமாகவே ஓடுமாதலால், அங்கே சரளைக்கல்லைக் கனமாகப் பரப்புவர். மழைக்காலத்தில் தோட்டத்து மண்சாலையில் லாரி புதைவதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? அவ்வாறே சக்கரம் கல்லில் புதைய, வேகம் தணியும். அதற்கும் அப்பால் பழைய டயர்களை அடுக்கிச் சுவராகக் கட்டுவர். டயர் நசுங்கி மோதலைத் தாங்குவதால் ஓட்டுநருக்கு அடி குறைகிறது. பால்மரம் தந்த ரப்பருக்கு இதிலும் பங்குண்டு!

பத்து தீகாவில் 1985ஆம் ஆண்டில் உலகக் கார்ப் போட்டி நடைபெற்றது. 800 கிலோமீட்டர் ஓடிய அப்பந்தயத்தில் ஜாக்கி இக்ஸ், யோகன் மாஸ் இருவரும் போர்ஷே காரில் வென்றனர். 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் பந்தயமும் அங்கே நடந்தது. பின்னர் அத்திடல் இடிக்கப்பட்டது.

1999ஆம் ஆண்டில் செப்பாங்கில், முன்பு செம்பனை நின்ற நிலத்தில், 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய பாதை திறக்கப்பட்டது. அங்கே பாதையின் இருமருங்கிலும் இடம் தாராளமாக உண்டு. அங்கும் 2011ஆம் ஆண்டில் இத்தாலிய வீரர் மார்க்கோ சிமொன்செல்லி உயிரிழந்தார். அவர் சுவரில் மோதவில்லை. பாதையிலேயே விழ, தொடர்ந்து வந்த வண்டிகள் அவர்மீது மோதின. அன்றைய பந்தயம் கைவிடப்பட்டது.