17ல் மாட்டிக் கொண்ட 1947!

குட்டீஸ்... ஒரு பென்சிலும், பழைய நோட்டில் ஒரு தாளும் எடுத்துக் கொள்ளுங்கள், விளையாடலாம்.

நம் நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டு, 1947. இதிலுள்ள 1, 9, 4, 7 என்ற நான்கு இலக்கங்களையும் ஒரே ஒரு முறை பயன்படுத்தி, 1, 2, 3 என வரிசையாக எண்களை உருவாக்க வேண்டும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அடைப்புக்குறி எல்லாம் உண்டு. இலக்கங்களை இடம் மாற்றலாம். ஆனால், 19, 47 என ஒட்டி எழுதக் கூடாது. ஒன்றைக் கூட விட்டு விடக் கூடாது. அதுதான் சிரமமே!

இதற்கு அண்ணன் முறையில் ஒரு புதிர் உண்டு. நான்கு 4களை மட்டும் வைத்து எண்களை உருவாக்குவது. அது, 1881லேயே லண்டனில், 'நாலெட்ஜ்' என்ற அறிவியல் இதழில் அச்சாகி விட்டது.

சரி, 1947க்கு வருவோம். ஆரம்பம் சுலபம்.

7+4-9-1 = 1

4-(9-7)×1 = 2

இரண்டாவதில், 1ஆல் பெருக்கியது ஏன் தெரியுமா? விடை மாறாது, மிச்சமிருந்த 1ம் செலவாகி விடும்! 10க்கு, (4+1)×(9-7). 14க்கு, 7×(9-1)÷4. நடுவில் உள்ளவை உங்களுக்கு.

16 வந்ததும், '9+7' என துள்ளிக் குதிப்பீர்கள். நானும் குதித்தேன். 4ம், 1ம் கையிலேயே நின்றன. 'முடியாது' என்று எழுதியும் விட்டேன். பிறகுதான், 9ஐயும், 7ஐயும் பெருக்கிப் பார்க்கவே இல்லை என்பது உறைத்தது. (9×7+1)÷4 = 16!

அதனால், 17ல் அவசரப்படவில்லை. கடைசியாக 9ஐக் கூட்டுவதென்றால், 1, 4, 7ல் இருந்து 8 கிடைக்க வேண்டும், கிடைக்காது. கடைசியாக 7ஐக் கூட்டுவதென்றால், 1, 4, 9ல் இருந்து 10 வேண்டும், அதுவும் இல்லை. இப்படி ஒவ்வொரு வழியாகப் பார்த்து முடித்தேன். அந்த நான்கு செயல்களால் 17 வரவே வராது. இது நிஜமான, 'முடியாது!'

அப்புறம்? ஆறாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு, 'அடுக்கு' தெரிந்திருக்கும். 1⁴ என்றால், 1×1×1×1. அதாவது 1 தான். எனவே, 9+7+1⁴ = 17. பூட்டு திறந்து விட்டது!

18 முதல் 21 வரை பழைய நான்கு செயல்களே போதும். 22ல் மறுபடி மாட்டுவீர்கள். ஒரு துப்பு: 9ன் வர்க்கமூலம், 3.