இரண்டு துண்டு வெள்ளைத் துணி

தூத்துக்குடிக்குத் தெற்கே, காயல்பட்டினத்தில் ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் அன்றும் இன்றும் சில காரியங்களைத் தவறவிடுவதில்லை. கடனைத் தீர்ப்பார். வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, மனம் நோகச் செய்திருந்தால் பொருந்திக்கொள்ளும்படி கேட்பார். பெட்டியில் தையலில்லாத இரண்டு துண்டு வெள்ளைத் துணியை மடித்து வைப்பார். மற்றவை பெரும்பாலும் மாறிவிட்டன.

அன்று பம்பாய் வரை ரயில். அங்கிருந்து ஜித்தாவுக்கு ஒரு வாரத்துக்கும் மேலான கப்பல் பயணம். இஹ்ராம் பூணவேண்டிய யலம்லம் எல்லைக்கு நேரே வரும்போது கப்பல் சங்கு ஊதும். தளம் முழுவதும் வெள்ளையாகிவிடும். அந்தக் கடல்வழி 1995-ஆம் ஆண்டோடு முடிந்தது. இன்று செந்தூர் எக்ஸ்பிரஸில் ஓர் இரவு, சென்னையிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய 6 மணி நேரம். துணியை முன்பே உடுத்திக்கொள்கிறார்கள். எல்லை நெருங்குவதாக அறிவிப்பு வந்ததும் நிய்யத் வைத்து, தல்பியா சொல்கிறார்கள்.

இந்தக் கரையில் ஷாஃபிஈ மத்ஹபினரே மிகுதி. முதலில் ஹஜ், அதன்பின் உம்ரா என்னும் இஃப்ராத் முறையையே அந்த மத்ஹப் சிறப்பித்துச் சொல்கிறது. ஆனால் பல நாள் முன்பே மக்கா சேர்ந்தவர் அதைத் தேர்ந்தால், துல்ஹஜ் 10 வரை இஹ்ராமிலேயே இருக்க வேண்டும். நறுமணம் கூடாது, நகம் வெட்டக்கூடாது, ஆண்கள் அந்த வெயிலிலும் தலையை மூடக்கூடாது.

இன்று நம்மவர் பெரும்பாலும் தமத்துஉ முறையில் செய்கிறார்கள். போனதும் உம்ரா: தவாஃப், ஸஃபா மர்வாவுக்கிடையே 7 நடையான சயீ, முடி குறைத்தல். அத்தோடு இஹ்ராமைக் களைந்து வழக்கமான உடைக்கு மாறலாம். துல்ஹஜ் 8-ல் அதே துணியை மீண்டும் உடுத்தி மினாவுக்குப் போகலாம். இந்தச் சலுகைக்கு ஈடாக ஓர் ஆட்டைப் பலியிட வேண்டும்; இயலாதவருக்கு ஹஜ்ஜின்போது 3, ஊர் திரும்பி 7 என்று 10 நோன்பு.

எளிய வழி என்று இதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. நபிகள் நாயகம் தம் இறுதி ஹஜ்ஜில், பலிப்பிராணி கொண்டுவராத தோழர்களை உம்ராவோடு இஹ்ராமைக் களையச் சொன்னார்கள். தம்மிடம் பிராணி இருந்ததால் தாம் களையாமல் இருந்தார்கள். இலகுவாக்குவதும் மார்க்கத்தின் வழிதான்.

மற்ற கிரியைகளும் இலகுவாகியுள்ளன. அன்று கல்லெறியக் குறுகிய தூண்கள், மூச்சுமுட்டும் நெரிசல். இன்று அகன்ற சுவர்கள், பல அடுக்குப் பாலம். அன்று ஆட்டைத் தாமே பார்த்து வாங்கி, அருகில் நின்று அறுத்தார்கள்; இன்று பணம் கட்டினால் குர்பானி நிறைவேறிவிடுகிறது. முழங்கால் வலியுள்ள மூதாட்டியும் சக்கர நாற்காலியில் சயீ முடித்துத் திரும்புகிறார். இதைவிடப் பெரிய லாபம் வேறில்லை.

போனது அவகாசம். கப்பல் தளத்தில் ஆலிம் ஒருவர் நாள்தோறும் சொல்லிச்சொல்லி, எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் கிரியைகள் மனப்பாடமாகும். இன்று ஒருநாள் விளக்க வகுப்பும் கைப்பேசியும் அந்த இடத்தில் இருக்கின்றன. கடல் தந்த அந்த நாள்களைப் புறப்படுமுன் வீட்டிலேயே நாம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

ஹஜ் முடிந்தபின் அந்தத் துணியை ஸம்ஸமில் நனைத்து உலர்த்தி, தம் கஃபனுக்கென்று எடுத்து வைப்பவர்கள் உண்டு. வாரக்கணக்கில் உடுத்திய துணியும், இரண்டு முறையாகச் சில நாள் உடுத்திய துணியும் அலமாரியில் ஒன்றுபோலவே மடிந்து இருக்கின்றன.