இடது சீட் காலி

கல்ஃப் வேலை முடிந்து கடையநல்லூருக்குத் திரும்பியவர், பாவூர்சத்திரத்தில் லோடு ஆட்டோ ஓட்டி அலுத்துப்போனவர், டிகிரி முடித்துச் சென்னையில் சில கம்பெனிகள் மாறிப் பார்த்துவிட்டு ஆலங்குளத்துக்கே வந்து சேர்ந்த பையன். தென்காசிச் சீமையில் ‘லாரிக்குப் போனால் என்ன?’ என்று யோசிப்பவர்களைத் தேடினால் இந்த மூன்று ரகமும் கண்ணில் படும். மூவர் போடும் கணக்கும் ஒன்றுதான். லாரி செட்டுகளில் டிரைவர் கிடைக்காமல் வண்டி நிற்கிறது. ஹெவி லைசென்ஸை நீட்டினால் சாவி கைக்கு வரும். சிபாரிசு வேண்டாம், இன்டர்வியூ வேண்டாம், வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டதே என்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கணக்கு தப்பில்லை. டிரைவரின் மகன் டிரைவராக வருவது குறைந்துவிட்டது. லாரிக்காரனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிற ஊரில் எந்த அம்மா மகனை அனுப்புவாள்? பீடி சுற்றிப் படிக்க வைத்தவளாயிற்றே. ஆகவே இடம் காலியாகத்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் கவலை வேறொரு காலி இடம் பற்றியது. டிரைவருக்கு இடப்பக்கம், கிளீனர் உட்கார்ந்திருந்த சீட்.

லைசென்ஸ் விவகாரத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இருபது வயது ஆகியிருக்க வேண்டும். கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாவது கழிந்திருக்க வேண்டும். டாக்டர் சான்றிதழ் வேண்டும். எட்டாவது பாஸ் என்ற நிபந்தனையை மத்திய அரசு 2019-ல் எடுத்துவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டிருந்த லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்றானது. 7,500 கிலோ மொத்த எடைக்கு உட்பட்ட சரக்கு வண்டியைக் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்தது. அதற்கு மேலே போனால்தான் ஹெவி. அதற்கு டிரைவிங் ஸ்கூலில் விதிப்படி குறைந்தது 30 நாள் பயிற்சி. அதில் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்ட வேண்டியது 15 மணி நேரம்.

பதினைந்து மணி நேரம். அதுவும் காலி வண்டியில், பகல் வெளிச்சத்தில், ஊருக்குள்ளேயும் பைபாஸிலும். அதை முடித்தவன் கையில் ஒரு டாரஸ் வருகிறது. பத்து சக்கர வண்டி, 2018-ல் எடை வரம்பைக் கூட்டிய பிறகு லோடும் வண்டியுமாகச் சேர்ந்து 28.5 டன் வரை. டிரைவிங் ஸ்கூல் வண்டியின் பிரேக்குக்கும் இதன் பிரேக்குக்கும் உள்ள வித்தியாசத்தை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

முன்பு சொல்லிக் கொடுக்க ஒரு வழி இருந்தது. வீட்டில் கோபித்துக்கொண்டோ பத்தாவதில் தவறியோ செட்டுக்கு வந்த பையன் முதலில் வண்டி கழுவினான். பிறகு தார்ப்பாய் மடிக்கக் கற்றான். லோடுக்கு மேலே ஏறி நின்று கயிற்றை இழுத்துக் கட்டுவது, இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டி, வருகிற சத்தத்தை வைத்தே எதில் காற்று இறங்கியிருக்கிறது என்று சொல்வது, ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் கதவைத் திறந்து குதித்து, பின் சக்கரத்துக்குக் கட்டை போடுவது. இந்தக் கட்டை போடுகிற வேலை லேசானதில்லை. வண்டி பின்னால் வழுக்க ஆரம்பித்த நொடியில் சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே அதைச் செருக வேண்டும். கை உள்ளே போய்விடவும் கூடாது. இரண்டு மூன்று வருடம் இப்படிப் போன பிறகு, ஏதோ ஒரு ராத்திரி, ஆளில்லாத நேர்ரோட்டில், “ஏலே, கொஞ்ச நேரம் பிடி” என்று டிரைவர் ஸ்டியரிங்கைக் கொடுப்பார். அன்றைக்குத் தொடங்குவதுதான் படிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வாத்தியார் தூங்குவதுபோலக் கண்ணை மூடியிருப்பார். கியர் ஒன்று தப்பி விழுந்தால் போதும், ஏச்சு விழும்.

அந்தக் காலத்து டிரைவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. அடியும் வசவும் பட்டினியும் அந்தப் படிப்பில் இருந்தன. சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்த பாவமும் இருந்தது. அது ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதோடு சேர்ந்து படிப்பும் ஒழிந்துவிட்டது, அதற்குப் பதிலாக ஒன்றும் வரவில்லை. அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

தென்காசிக்காரருக்கு இது ஏன் கூடுதல் விஷயம் என்றால், இங்கே தொழிலின் முதல் டிரிப்பே மலைதான். சமவெளி ஊர்களில் தொடங்குகிறவனுக்கு மதுரை, திருச்சி என்று நான்கு வழிச் சாலையில் பழகக் காலம் கிடைக்கும். இங்கே பாவூர்சத்திரம் காய்கறி, சுரண்டை வெங்காயம், ஜல்லி, எம்-சாண்ட், வைக்கோல் எல்லாமே செங்கோட்டை தாண்டிப் புளியரை வழியாகக் கேரளம் போகிறது. கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் இந்த 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஆரியங்காவுக் கணவாயில் ஏறி, பதிமூன்று கண் பாலத்தை ஒட்டித் தென்மலைக்கும் புனலூருக்கும் இறங்குகிறது. போகும்போது புளியரை எஸ் வளைவு ஏற்றம்; வரும்போது அதுவே இறக்கம்.

இறக்கத்தைப் பற்றி அனுபவசாலிகளிடம் கேட்டால் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள். “ஏறின கியர்லதாம்லே எறங்கணும்.” இரண்டாம் கியரில் ஏறிய மலையை இரண்டாம் கியரிலேயே இறங்கு, இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்பது அர்த்தம். புதுசாக வருகிறவன் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறான், அல்லது மேல் கியரில் வந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறான். லைனர் சூடேறுகிறது. கருகல் வாடை வருகிறது. அப்புறம் எத்தனை மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. வாடை வந்த உடனே “அண்ணாச்சி, ஓரங்கட்டுங்க” என்று சொல்ல ஒரு மூக்கு இடப்பக்கம் இருந்தது. இப்போது அங்கே டிபன் கேரியரும் தண்ணீர்க் கேனும் இருக்கின்றன.

ஜூன் பிறந்தால் இன்னொரு சங்கடம். குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்று கணவாய் வழியாக வேகம் பிடித்து வந்து, உயரமாக ஏற்றிய வைக்கோல் லோடைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. மலை ரோடு ஈரமாகிறது, மேகம் கண்ணாடி வரை இறங்குகிறது. எதிரே சீசனுக்கு வந்த கார்கள். கார்த்திகை பிறந்தால் ராத்திரி முழுக்க சபரிமலை வண்டிகள். இதற்கெல்லாம் பதினைந்து மணி நேரப் பயிற்சியில் பாடம் கிடையாது.

2024 பிப்ரவரி 25. நள்ளிரவு தாண்டிய நேரத்தில், கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றித் தூத்துக்குடிக்குப் போன லாரி இந்தப் புளியரை எஸ் வளைவில் கட்டுப்பாட்டை இழந்து கீழே செங்கோட்டை ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த வயதான தம்பதி, டார்ச் லைட்டோடு தண்டவாளத்திலேயே ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். தமிழ்நாடே பாராட்டியது, அரசு ஐந்து லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான், அந்தத் தைரியம் யாருக்கு வரும்? ஆனால் அந்த லாரியின் டிரைவர் அன்றைக்கே இறந்துபோனார். அவரைப் பற்றி ஊர் பேசியது மிகக் கொஞ்சம். லாரி கவிழ்ந்தால் நாம் முதலில் கேட்பது ‘யார் மேல விழுந்துச்சு?’ என்பதைத்தான். வண்டிக்குள் எத்தனை பேர் இருந்தார்கள், டிரைவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்கும் பழக்கம் நமக்கு இல்லை.

தூக்கம்தான் இந்தத் தொழிலின் நடுநாயகம் என்பது என் கட்சி. சம்பளம், பேட்டா, வாடகையில் பங்கு எல்லாம் அப்புறம். மனித உடம்பு இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை தூங்குவதற்கென்றே செய்யப்பட்டது. அந்த நேரத்தில் கண் திறந்தபடியே மூளை சில நொடி அணைந்து எரியும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு லாரி பதினாறு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். நான்கு நொடி கண் சொருகினால் அறுபத்தைந்து மீட்டருக்கு மேல் யாருமே ஓட்டாத வண்டி. அதிலும் ஊர் நெருங்க நெருங்கத்தான் தூக்கம் தள்ளும் என்பார்கள் டிரைவர்கள். மனசு ‘வந்துவிட்டோம்’ என்று தளர்கிற இடம் புளியரையாக இருந்தால் என்ன ஆகும்?

1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றது. தொலைதூர வண்டியானால் அனுமதியோடு அதிகபட்சம் பத்து மணி. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு. தென்காசியிலிருந்து சென்னை ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டர். லோடோடு மணிக்கு நாற்பது, நாற்பத்தைந்து சராசரி கிடைத்தாலே பெரிது. பதினான்கு மணி நேரம் ஆகும். ஒற்றை டிரைவர் ஒரே ஓட்டமாகச் சென்னையைத் தொட்டாலே அந்தக் கணக்கு உடைந்துவிடும். டெல்லி லோடு 2,500 கிலோமீட்டருக்கு மேல். நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே முன்பு இருந்தது. பிறகு அந்த நிபந்தனை கைவிடப்பட்டது. காகிதத்தில் இருந்த இரண்டாவது ஆளும் இறங்கிப் போய்விட்டார்.

ஓனர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது: டீசல், டோல், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் போக ஒரு டிரிப்பில் மிஞ்சுவதில் இன்னொரு ஆளுக்குக் கொடுக்க முடியவில்லை என்கிறார்கள். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு வண்டி பள்ளத்தில் போனால் அந்த மிச்சமும் போகிறது, குடும்பமும் போகிறது.

பவர் ஸ்டியரிங் வந்துவிட்டது, ரிவர்ஸ் கேமரா வந்துவிட்டது, 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்று சிலர் சொல்வார்கள். ஏசி நல்லதுதான். சித்திரை வெயிலில் இன்ஜின் சூட்டோடு உட்கார்ந்து ஓட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் குளிர்ந்த கேபினில் தனியாக இருக்கிறவனுக்குத் தூக்கம் இன்னும் சுகமாக வரும். அவனைத் தட்டி எழுப்பக் கேமராவுக்குக் கை கிடையாது.

செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் ராத்திரி நேரத்தில் நின்று பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால் வந்த பெயர் அந்த ‘பார்டர்’. எல்லை நகர்ந்து போயும் பெயரும் பரோட்டாவும் தங்கிவிட்டன. சுற்றுலாக்காரர்கள் கோழியும் சால்னாவுமாகச் சாப்பிட்டுவிட்டு லாட்ஜுக்குப் போய்ப் படுப்பார்கள். அதே இலையில் அதே நான்கு பரோட்டாவைச் சாப்பிட்ட டிரைவர் எழுந்து கை கழுவிவிட்டு மலை ஏறுவார். காலையில் கொல்லத்து மார்க்கெட் திறக்கும்போது வெண்டைக்காய் அங்கே நிற்க வேண்டும். தாமதமானால் விலை விழும், அந்த நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது என்ற பேச்சு டிரைவரில் போய் முடியும். பக்கத்திலேயே குற்றாலம். உடம்பைத் தளர்த்தவென்றே தமிழ்நாடு முழுதும் வந்து எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்கிற ஊர். அதைத் தொட்டுப் போகும் ரோட்டில் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து இருபது நிமிடம் தூங்கும் மனிதர்களைப் பார்க்கும்போது, அவர்களுக்கென வண்டி நிறுத்தவும் காலை நீட்டிப் படுக்கவும் காவலோடு ஓர் இடம் இந்தப் பாதையில் இருந்தால் என்ன என்றே தோன்றுகிறது. டீசல் திருட்டுக்குப் பயந்து அரைக்கண் தூங்குவது தூக்கமே இல்லை. தமிழ்நாட்டில் பல இடங்களில் போலீசார் நள்ளிரவு லாரிகளை நிறுத்தி, முகம் கழுவச் சொல்லி, டீ கொடுத்து அனுப்புகிறார்கள். புண்ணியம். டீ அரை மணி நேரம் தாங்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், போகாதே என்று நான் எழுத மாட்டேன். நாலு மாநிலத்து ரோடும் நாலு பாஷையும் கைவசமான டிரைவருக்கு உள்ள தெம்பு ஏசி ரூம் வேலையில் கிடைக்காது. சாவி வாங்குவதற்கு முன் செட்டில் கேட்க வேண்டியதைக் கேள் என்றுதான் சொல்லுவேன். முதல் ஆறு மாதம் பழைய டிரைவர் யாரோடாவது இடது சீட்டில் அனுப்புவீர்களா? அரைப் பேட்டா போதும், படிப்புக்கு அது கூலி. ராத்திரி மலைக்கு முதல் மாதமே அனுப்புவீர்களா? லோடு ஏற்றுகிற நேரம் எனக்கு ஓய்வு நேரமா, நின்று எண்ண வேண்டிய நேரமா? “தூங்கிட்டு எடுக்கேன் அண்ணாச்சி” என்று போனில் சொன்னால் அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வரும்? இதற்கெல்லாம் முகம் கறுக்கிற செட்டில் வேலை வேண்டாம். ஆள் தட்டுப்பாடு இருக்கிற இந்தச் சமயத்தில் கேட்காமல் எப்போது கேட்பது?

மார்க்கெட்காரர்களும் ஒன்று செய்யலாம், காசு செலவில்லாதது. பாவூர்சத்திரத்தில் ராத்திரி பத்து மணிக்கு முடிகிற லோடு எட்டு மணிக்கு முடிந்தால், டிரைவர் புளியரைக்கு முன்னாலேயே இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து மலையேறலாம். வெண்டைக்காய் அப்போதும் விடியலுக்குக் கொல்லம் போய்ச் சேர்ந்துவிடும்.