வறண்ட முகமும் வாசனைச் சீசாவும்

காவேரி பாயும் நாட்டிலே முகம் வறண்டு போவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஜூன் 12-ஆம் தேதியை ஒட்டி மேட்டூர் அணையைத் திறந்து, தண்ணீர் கல்லணையைக் கடந்து வெண்ணாற்றிலும் குடமுருட்டியிலும் அரசலாற்றிலும் பிரிந்து ஓடுகிற அதே நாட்களிலேதான் ஆனி ஆடி மேல்காற்றும் புறப்படுகிறது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் இருக்கும். வாசலில் நின்று அதைப் பார்ப்பவரின் உதடு வெடித்திருக்கும். பிறகு ஐப்பசி கார்த்திகை மழை சற்று ஆறுதல் தரும். மழை ஓய்ந்தால் மார்கழிப் பனி. தை பிறந்தால் களத்திலே கதிர் அடிக்கும்போது கிளம்பும் நெல் சுணை. இத்தனையும் போதாதென்று, கடலோரத் தாலூகாக்களில் நிலத்தடி நீரிலே உப்பு ஏறியிருக்கிறது. ஆற்று நீரில் குளித்த குடும்பங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீருக்கு மாறிவிட்டன. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த தண்ணீரிலே ஸோப்பு நுரைக்காது; அதன் திப்பி முகத்திலே படிந்து நிற்கும்.

சாதாரணச் சருமம் படைத்தவர்கள் இவற்றையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஒவ்வொரு குடும்பத்திலும் தொட்டாற்சுருங்கிபோல் முகம் வாய்த்தவர் ஒருவராவது இருப்பார். ஸோப்புப் பட்டால் அவர்கள் முகம் இழுக்கும். பவுடர் பட்டால் அரிக்கும். அத்தை அன்போடு அரைத்துக் கொடுத்த மஞ்சளைப் பூசினாலோ திகுதிகுவென்று எரியும். கடைக்காரர் 'மாய்ஸ்சரைஸர்' என்று சொல்லி எடுத்து நீட்டுகிற சீசாக்களில் ஒன்று மாற்றி ஒன்று வாங்கி, ஒவ்வொன்றையும் நாலு நாள் பூசி, ஐந்தாம் நாள் அலமாரியில் வைத்துவிடுவார்கள். இவர்களுக்கு ஏற்ற சாதுவான பூச்சு எது, அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதே நமது விஷயம்.

முதலில் வறட்சி என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். வயலிலே நண்டு வளை வைத்த வரப்பைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? எத்தனை முறை மடையைத் திறந்து நீர் பாய்ச்சினாலும் விடிவதற்குள் அடுத்த வயலுக்குப் போய்விடும். வறண்ட சருமத்தின் கதையும் அதுவே. நமது தோலின் மேலடுக்கிலே உயிரற்ற செதில்கள் அடுக்கியிருக்கின்றன. அவற்றின் இடுக்குகளைச் செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலம் ஆகிய மூன்று கொழுப்புப் பொருள்கள் சேறுபோல் பூசி அடைக்கின்றன. அந்தப் பூச்சு கரைந்துவிட்டால் உள்ளேயிருக்கும் ஈரம் வெளியே போகும். வெளியேயுள்ள தூசியும் வாசனைத் திரவியமும் உள்ளே நுழைந்து எரிச்சலை உண்டாக்கும். ஆகவே வறட்சியும் எரிச்சலும் இரண்டு வியாதிகள் அல்ல. வரப்பில் உள்ள ஒரே ஓட்டையின் இரண்டு பலன்கள். நாள் முழுவதும் முகத்திலே தண்ணீரை அடித்துக் கழுவுகிறவர்கள் மடையைத் திறக்கிறார்களேயன்றி வளையை அடைப்பதில்லை.

வளையைப் பெரிதாக்குவதில் முதற்குற்றவாளி ஸோப்புதான். தோலின் மேற்பரப்பு சற்றுப் புளிப்புத் தன்மை உடையது. ரஸாயன சாஸ்திரிகளின் அளவிலே 5-க்கு அருகில் நிற்பது. கொழுப்பையும் காரத்தையும் காய்ச்சிச் செய்த ஸோப்போ 9, 10 என்ற அளவிலே இருக்கிறது. சுதேசி ஸோப்பாயினும் சீமை ஸோப்பாயினும் இதிலே வித்தியாசம் இல்லை. சீயக்காயும் எண்ணெயை அகற்றவே ஏற்பட்டது. தலைக்குத் தேய்க்கும்போது முகத்தில் வழியவிடலாகாது. எலுமிச்சம்பழம் கொடியது. பழச்சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால், அதிலுள்ள சத்து சூரிய ஒளியுடன் சேர்ந்து தோலைச் சுட்டுக் கருக்கக்கூடும். எண்ணெய் ஸ்நானத்தன்று முகத்துக்கு நன்றாகச் சலித்த பயத்தமாவு கொஞ்சம் போதும். மற்ற நாட்களில் வெறும் தண்ணீரே உத்தமம்.

மஞ்சளைப் பற்றிக் குறைத்துப் பேசினால் நமது பாட்டிமார்களுக்குக் கோபம் வரும். ஆனாலும் உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பெரும்பாலோருக்கு ஒரு தீங்கும் செய்யாத மஞ்சள், சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குகிறது. குங்குமம் இன்னும் அதிகம். மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்து வீட்டிலே செய்த குங்குமம் ஒன்று. கடைகளிலே செயற்கைச் சாயம் ஏற்றி விற்பது வேறொன்று. அந்தச் சாயத்தினால் நெற்றியில் அரிப்பும், பிறகு கருமையான திட்டும் ஏற்படுவதை டாக்டர்கள் பலகாலமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒட்டுப் பொட்டின் பசையோ சிலருக்கு அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளியே விழும்படி செய்துவிடுகிறது. முகத்தின் நடுவிலே மட்டும் தொல்லை இருந்தால், பூச்சைத் தேடுவதற்கு முன் பொட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இனிப் பூச்சுகளின் வமிசாவளியைச் சற்றுப் பார்ப்போம். சுதேசி இயக்கத்தின் காலத்திலே பம்பாயில் பட்டன்வாலா என்பவர் 1919-ஆம் ஆண்டில் 'ஆப்கன் ஸ்நோ' என்ற முகப்பூச்சைக் கொண்டுவந்தார். கல்கத்தாவிலே கௌர் மோகன் தத்தர் 1929-இல் 'போரோலின்' என்ற பச்சைக் குழாய்க் களிம்பை ஆரம்பித்தார். 1947, ஆகஸ்டு 15-ஆம் தேதி தேசம் விடுதலை பெற்ற சந்தோஷத்தில் அந்தக் கம்பெனியார் ஒரு லட்சம் குழாய்களை இலவசமாக வழங்கினார்கள். அன்னிய நாட்டுச் சீசாக்களை வாங்கமாட்டோம் என்று பிரதிக்ஞை செய்த குடும்பங்களுக்கு இவை பெருமை தந்தன என்பதில் ஐயமில்லை.

ஆனால் தேசாபிமானம் வேறு, தோலின் அபிமானம் வேறு. ஸ்நோ என்பது ஸ்டியரிக் அமிலத்தைக் காரத்தோடு சேர்த்துத் தண்ணீரில் கலக்கிச் செய்வது. தேய்த்ததும் மறைந்து, பவுடர் ஒட்டுவதற்கு வசதியாக முகத்தை மங்கலாக்குவதே அதன் தொழில். எண்ணெய்ப் பசை குறைவாதலால் வறண்ட முகத்திற்கு அதனால் பயன் அதிகமில்லை. போரோலினிலோ கம்பளி ஆட்டின் ரோமக் கொழுப்பும், போரிக் அமிலமும், துத்தநாகமும், வாசனையும் உண்டு. வெடித்த குதிகாலுக்கும் முழங்கைக்கும் அது பொருந்தும். முகத்திலே எரிச்சல் காணும் சருமத்தாருக்கு அந்த ரோமக் கொழுப்போ வாசனையோ ஒவ்வாமல் போகக்கூடும்.

பின்னே சாதுவானது எது? சொன்னால் நேயர்கள் சிரிப்பார்கள். மண்ணெண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்த வஸ்துதான் அது! அமெரிக்காவிலே எண்ணெய்க் கிணறுகளின் இரும்புத் தண்டுகளில் படிந்த மெழுகைத் தொழிலாளிகள் புண்ணுக்குப் பூசுவதைச் சீஸ்ப்ரோ என்ற ரஸாயனி கண்டார். அதைச் சுத்தி செய்து 1872-இல் 'வாஸலீன்' என்று பேடண்டு வாங்கினார். நன்றாகச் சுத்தி செய்த, வாசனை கலவாத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லிக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதனால் ஒவ்வாமை ஏற்படுவது மிக மிக அபூர்வம். ஈரம் வெளியேறாமல் தடுப்பதில் அதற்கு இணையான பூச்சு கிடைப்பது அரிது. நண்டு வளையைக் களிமண் வைத்து மிதித்தாற்போன்ற வேலை! இன்று நம் தேசத்திலேயே தயாராகிறதாகையால் சுதேசி விரதத்துக்கும் பங்கம் இல்லை.

நமது டெல்டாவின் புழுக்கத்தில் அது பிசுபிசுக்கும் என்பது வாஸ்தவம். அளவறியாமல் அப்பிக்கொண்டால் அப்படித்தான். முகம் கழுவி, துண்டால் ஒற்றி, ஈரம் முழுவதும் காய்வதற்கு முன், மிளகு அளவு ஜெல்லியை உள்ளங்கையில் தேய்த்து முகத்தின்மேல் ஒற்றினால் போதும். இரவிலே பூசுவது சௌகரியம். பகலுக்கு வேண்டுமானால், கிளிஸரினும் லிக்விட் பாரபினும் சேர்ந்த, வாசனையற்ற கிரீம் மருந்துக்கடையில் கிடைக்கும். தோலுக்குரிய செராமைடையே சேர்த்த கிரீம்களும் வந்திருக்கின்றன. விலைதான் சற்று அதிகம். சுத்தக் கிளிஸரினை அப்படியே பூசுவது தவறு, எரியும். பன்னீரில் கலந்தாலும், பன்னீரின் வாசனையே சிலருக்குச் சத்துரு.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. பிலிப்பைன்ஸ் தேசத்து டாக்டர்கள் 2004-ஆம் ஆண்டில் வறண்ட சருமமுள்ள 34 பேரைக் கொண்டு, தேங்காய் எண்ணெயையும் மினரல் எண்ணெயையும் இரண்டு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் சமமாகவே பயன்பட்டன. ஆகவே கை கால்களுக்குத் தாராளமாகப் பூசலாம். முகப்பரு உள்ளவர்களும், மூக்கோரத்திலும் புருவத்திலும் பொடுகுபோல் செதில் உதிர்கிறவர்களும் முகத்துக்கு அதைத் தவிர்ப்பது நல்லது. எண்ணெய் அங்கே தொல்லையை வளர்க்கும். கடைகளில் உயர்ந்த விலைக்கு விற்கும் ஆலிவ் எண்ணெயோ தோலின் காப்பையே குலைக்கிறது என்று 2013-இல் இங்கிலாந்தில் கண்டிருக்கிறார்கள். சூரியகாந்தி எண்ணெய் அப்படிக் குலைக்கவில்லையாம்.

நெல் விளையும் நாட்டினர் மகிழ்வதற்கும் ஒரு செய்தி உண்டு. பெல்ஜியத்தில் அரிசி மாச்சத்தைக் குளிக்கும் நீரிலே கரைத்துச் சோதித்து, ஸோப்பு வகையறாவால் கெட்ட தோலும், கரப்பான் உள்ளவர்களின் தோலும் அதனால் தேறுவதை 2002-இல் அறிவித்தார்கள். உப்புச் சேராத, அன்றைக்கு வடித்த கஞ்சியை நிறைய நீரில் விளாவிக் குளிப்பது நமக்குப் புதிதல்ல. புளித்த நீராகாரத்தை முகத்துக்கு ஊற்றுவதை மட்டும் நாம் சிபாரிசு செய்யமாட்டோம்.

எந்தப் பூச்சானாலும் தமக்கு ஒத்துக்கொள்ளுமா என்று ஒவ்வொருவரும் தாமே சோதித்துத்தான் அறியவேண்டும். இந்த வித்தைக்குத் தஞ்சாவூரிலேயே முன்னோடி உண்டு. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்ற வைத்தியசாலையை நடத்தினார். நம் நாட்டு வைத்தியர்களும் ஐரோப்பிய வைத்தியம் அறிந்தவர்களும் அங்கே சேர்ந்து உழைத்தார்கள். மருந்துகளைக் கொடுத்துப் பார்த்து, பலன் கண்ட முறைகளைத் தமிழ்ப் பாட்டாகவும் செய்து வைத்தார்கள். சரஸ்வதி மகால் நூலகத்தார் வெளியிட்ட 'சரபேந்திர வைத்திய முறைகள்' அந்த உழைப்பின் பயன். ஏட்டில் உள்ளது என்பதற்காக ஒன்றை நம்பாமல், கொடுத்துப் பார்த்து எழுதி வைத்தார்களே, அந்தப் பழக்கத்தைத்தான் நாம் இரவல் வாங்கவேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குப் பவுடர், மஞ்சள், வாசனை கிரீம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். பிறகு ஒரே ஒரு பூச்சைத் தேர்ந்து, முழங்கை மடிப்பிலே தினம் இருவேளை ஒரு வாரம் பூசி வாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையானால் தாடை ஓரத்தில் சில நாட்கள். அதற்கும் அப்புறமே முகம் முழுவதும். தேதியையும் நடந்ததையும் எழுதுங்கள். இரண்டு புதுப் பூச்சுகளை ஒரே வாரத்தில் ஆரம்பித்தால், எது கெடுத்தது என்று தன்வந்திரியே வந்தாலும் சொல்ல முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் எந்தப் பூச்சும் ஒத்துக்கொள்ளவில்லையானால், ஒரு கேள்வியைத் தயங்காமல் கேட்கவேண்டும்: இந்த முகத்துக்கு முன்பு வெளுப்புக் கிரீம் பூசியதுண்டா? நமது பெண்களில் பலருடைய முகம் பிறவியிலே சாதுவானது அல்லாமல், பின்னால் கெடுக்கப்பட்டது. கல்யாணப் பேச்சு ஆரம்பித்ததும் மாநிறப் பெண்ணைச் சிவப்பாக்கிவிட வேண்டும் என்று வீட்டார் தவிக்கிறார்கள். பக்கத்து வீட்டார் ஒரு குழாயின் பெயரைச் சொல்லுகிறார்கள். பூசினால் பத்து நாளில் முகம் வெளுத்துப் பளபளக்கிறது, எல்லோரும் புகழ்கிறார்கள். அந்தக் குழாய்க்குள்ளே ஸ்டீராய்டு என்ற கடுமையான மருந்து இருக்கிறது! சில மாதங்களில் தோல் மெலிந்து, சிவந்து, நரம்புகள் தெரிந்து, பரு கிளம்பி, ரோமமும் வளர்கிறது. நிறுத்தினால் முகம் தீப்பற்றினாற்போல் எரிகிறது. எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதையே பூசுகிறார்கள். நம் தேசத்தில் பல ஊர்களின் சரும வைத்தியர்கள் சேர்ந்து, முகத்தில் கோளாறு என்று வந்த 2,926 பேரைப் பரிசீலித்து 2011-இல் வெளியிட்ட அறிக்கையில், 433 பேர் முகத்திற்கு இந்த மருந்தைப் பூசி வந்தவர்கள் என்று கண்டது. 2018-இல் இந்திய சர்க்கார் இத்தகைய பூச்சுகள் பலவற்றை டாக்டர் சீட்டின்றி விற்கலாகாது என்று சட்டத்தை இறுக்கினார்கள். அப்படியும் குழாய்கள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

வெள்ளைக்காரன் ஆட்சி போய்விட்டது. வெள்ளை நிறத்தின் ஆட்சி போகவில்லை. கருப்பு அழகென்று மேடையிலே பேசுகிற தகப்பனாரும் வீட்டிலே இந்தக் குழாய்க்குப் பணம் கொடுக்கிறார். இந்த நாட்டில் 1975 முதல் 'வெண்மையும் அழகும்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு விற்ற பிரசித்தமான கிரீமின் உரிமையாளர்களே 2020-இல் அந்தப் பெயரிலிருந்து வெண்மையை எடுத்துவிட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்தான் இன்னும் எடுக்கவில்லை.

குழாயின் மேலுள்ள சிறு எழுத்தைப் படித்துப் பாருங்கள். பீட்டாமெத்தஸோன், மொமெட்டஸோன், க்ளோபெட்டஸால் என்ற பெயர்கள் இருந்தால் அது அழகுச் சாமான் அல்ல, மருந்து. பெயரே போடாத டப்பாக்களில் பாதரசம் இருந்ததும் உண்டு; அவற்றைக் கையாலும் தொடவேண்டாம். பலகாலம் ஸ்டீராய்டு பூசியவர்கள் சரும டாக்டரைப் பார்த்து, அவர் சொல்லுகிறபடி விடவேண்டும். விட்ட பிறகு சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட, எரிச்சல் இருக்கும். அந்தக் காலம் முழுவதும் அவர்களுக்கு ஆகாரம் போன்றது மேலே சொன்ன வாசனையற்ற வெறும் பூச்சுதான். வேறு எதையும் அந்த முகம் பொறுக்காது. கூடவே வெயிலுக்குக் குடை பிடிக்க வேண்டும். வயலுக்கோ களத்துக்கோ போகிறவர்கள் துணியால் முகத்தை மூடிக்கொண்டு, திரும்பியதும் சுணையைத் தண்ணீரால் அலசி, துடைக்காமல் ஒற்றி, உடனே பூசிக்கொள்வது நல்லது.