சரக்கு வண்டிக்குப் பிரேக் பேடு மாற்றுதல்

நீலகிரியில் விளையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் மலைப்பாதையில் இறங்கித்தான் மேட்டுப்பாளையம் மண்டியை அடைய வேண்டும். முழுப் பாரத்துடன் இறங்கும் சிறு சரக்கு வண்டியைப் பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. இவ்வகை வண்டிகள் பலவற்றில் முன்புறம் டிஸ்க் பிரேக்கும் பின்புறம் டிரம் பிரேக்கும் உள்ளன. டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் பேடுகள் தேய்ந்தால் விவசாயிகள் வீட்டிலேயே மாற்றிக் கொள்ளலாம்.

பேடின் உராயும் பகுதி 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்ததும் மாற்றிவிடுவது நல்லது. பிரேக் மிதிக்கையில் கிறீச்சென்ற ஓசை வந்தால் உடனே கழற்றிப் பார்க்க வேண்டும். கரகரவென இரும்போடு இரும்பு உரசும் வரை ஓட்டினால் டிஸ்க்கும் வரிவரியாகக் கீறிப்போகும், செலவு பன்மடங்காகும்.

களத்துமேட்டின் இளகிய மண்ணில் ஜாக்கி அமிழ்ந்துவிடும். கெட்டியான சமதரையில் வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு, கைபிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக் கொள்ள வேண்டும். தூக்கியபின் இரும்புத் தாங்கி வைப்பது அவசியம். செங்கல்லை நம்பி வண்டிக்கடியில் கை வைக்கலாகாது.

ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம் கழற்றவும். எது எப்படி இருந்தது என்பதற்கு மறுபக்கமே மாதிரி. காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் பல வண்டிகளில் அது மேலே மடங்கும். முழுவதும் கழன்று வருவதாயின் கம்பியால் கட்டித் தொங்கவிடவும். ரப்பர் குழாயில் தொங்கினால் குழாய் பழுதாகும். தூசியை வாயால் ஊதக் கூடாது. பழைய, மலிவான பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைப்பதே சரி.

புதுப் பேடு தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேடை அதன்மேல் வைத்து, கிளாம்பு கொண்டு மெதுவாக அழுத்தவும். அப்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் உயரும். வழிந்தால் பெயிண்ட்டைத் தின்றுவிடும். ஆகவே மூடியைத் திறந்து கவனிக்கவும். குறைந்தால் மூடியில் குறித்துள்ள ரகத்தையே ஊற்ற வேண்டும். என்ஜின் ஆயில் ஒரு சொட்டும் ஆகாது. ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும். காலிப்பர் ஊசிகளுக்குப் பிரேக்குக்கென உள்ள கிரீஸே ஏற்றது. உள்பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் இந்த ஊசிகள் இறுகியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புதுப் பேடு போடுவது வீண்.

நான்கு பேடுகளையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபுறம் இழுக்கும்.

வேலை முடிந்ததும் பெடல் ஆழமாக இறங்கும். வண்டியை நகர்த்துமுன் அது கெட்டியாகும் வரை பலமுறை மிதிக்கவும். இதை மறந்து கிளப்பினால் முதல் மிதியில் பிரேக் இருக்காது. பிறகும் பெடல் பஞ்சுபோல் அமுங்கினாலோ, ஆயில் கசிந்தாலோ வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழைக்கவும். சரியாக இருந்தால், பாரமின்றிச் சமதளத்தில் ஓட்டி, இடைவெளி விட்டுப் பத்துப் பன்னிரண்டு முறை மிதமாகப் பிரேக் பிடித்துப் பேடைப் படியவிட்ட பின்னரே மலைக்குச் சரக்கேற்றச் செல்லலாம்.