உருகாமல் உருமாறும் உலோகங்கள்

கான்சாபுரத்துச் சுற்றுவட்டாரத்தில் கதிரறுப்பு நெருங்குகையில் பட்டறைக்கு வரும் அரிவாளைக் கொல்லர் உலையிலிட்டுப் பழுக்கக் காய்ச்சி, அதன் வாயைத் தண்ணீரில் தோய்த்தெடுக்கும் க்ஷணத்தில், எஃகு உருகுவதுமில்லை, உருக்குலைவதுமில்லை. ஆயினும் அதனுள்ளே அணுக்கள் நின்ற கிரமம் முழுவதும் வேறாகிவிடுகிறது. திடநிலையிலேயே நேரும் இத்தகைய மாறுதல்கள் உலோகங்களில் அநேகம். அவற்றை வகைப்படுத்தப் பல வழிகள் இருப்பினும், அணுக்கள் இடம்பெயரும் விதத்தைக் கொண்டு பிரிப்பதே பட்டறைக்கும் பொருந்துவது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்தபின் கலையும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் இஷ்டம்போல் ஒரு திக்கில் போகிறார்கள். வடம் பிடித்தவர்களோ பக்கத்து ஆள் மாறாமலே சேர்ந்து அடி வைக்கிறார்கள். முன்னது பரவல் மாற்றம். பின்னது நகர்வு மாற்றம்.

தூய இரும்பு 912 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் கரியைத் தாராளமாக ஏற்கும் அமைப்பை அடைகிறது. கரி கலந்த எஃகில் 727 டிகிரியிலேயே அம்மாறுதல் தொடங்கிவிடும். மெல்ல ஆறவிட்டால் கரி அணுக்கள் நிதானமாகப் பரவி, மென்மையான இரும்பும் கடினமான இரும்புக் கார்பைடும் அடுக்கடுக்காக அமைந்த 'பெர்லைட்' உண்டாகிறது. சட்டென்று தோய்த்தாலோ கரிக்கு ஓட அவகாசமின்றி, இரும்பணுக்கள் ஓர் அணு இடைவெளிக்கும் குறைவாகச் சேர்ந்து நகர, கரி உள்ளே சிறைப்பட்டு, ஜெர்மானியர் அடால்ஃப் மார்ட்டன்ஸின் பெயர் தாங்கிய 'மார்ட்டன்சைட்' பிறக்கிறது. இடைப்பட்ட 'பெய்னைட்' எந்த வகையைச் சேர்ந்ததென்று பண்டிதர்கள் பல பத்தாண்டுகள் சண்டையிட்டார்கள்.

தோய்த்தால் இறுகும் என்பதை எல்லா உலோகத்துக்கும் விதியாக்கிவிடலாகாது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரின் மெல்லிய வெண்கலப் பாத்திரங்களை ஆராய்ந்த சாரதா ஸ்ரீநிவாசன், அவை ஏறத்தாழ 23 சதவிகிதம் வெள்ளீயம் சேர்ந்து, சூட்டிலேயே அடித்துத் தோய்க்கப்பட்டவை என்று காட்டினார். அவ்வளவு வெள்ளீயம் கொண்ட வெண்கலம் மெல்ல ஆறினால் 'டெல்டா' என்னும் நொறுங்கும் பகுதி பிரிந்து, தட்டினால் உடையும். தோய்த்தாலோ அப்பிரிவு தடைபட்டு எளிதில் உடையாததாகிறது. நுண்ணோக்கியும் உஷ்ணமானியும் காணாத அந்தக் கன்னார்கள் நெருப்பின் நிறத்தை மட்டும் நம்பி இதைச் சாதித்தது சாமானிய வித்தையன்று.

தோய்த்த எஃகும் அப்படியே விட்டால் கண்ணாடிபோல் தெறிக்கும். ஆகவே கொல்லர் அதை மறுபடி இளஞ்சூட்டில் காட்டி, சிறைப்பட்ட கரியைச் சிறிது பரவவிட்டு, முரட்டுத்தனத்தைத் தணிக்கிறார். வைக்கோல் மஞ்சள் தெரியும்போது நிறுத்தினால் வாய் கூர்மை தாங்கும். சுமார் 300 டிகிரியில் நீலம் பாரித்தால் இளகத் தொடங்கிவிடும். சாணையின் உராய்வுச் சூடும் இதைச் செய்துவிடும். எனவே, வாங்கிய அரிவாளை மின்சாரச் சாணையில் உலர்வாகப் பிடிக்க விடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தீட்டச் சொல்லுங்கள்.