கொறடா அறைக்குள் ஓர் எட்டு

பிரிட்டிஷ் பார்லிமென்ட்டின் காமன்ஸ் சபையை டி.வி.யில் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். எதிரும் புதிருமாகப் பச்சைத் தோல் பெஞ்சுகள், நடுவில் ஒரு மேஜை, இந்தப் பக்கம் பிரதமர், அந்தப் பக்கம் எதிர்க்கட்சித் தலைவர், சுற்றிலும் 'ஹோ'வென்று இரைச்சல், 'ஆர்டர்... ஆர்டர்' என்று தொண்டை வறளக் கத்தும் சபாநாயகர். அதுவே திகட்டாத கூத்துதான். ஆனால் அசல் விருந்து சபைக்குப் பின்னால், கொறடாக்களின் அறையில் இருக்கிறது. அதிலும் 1974 முதல் 1979 வரை அங்கே நடந்ததைப் படிக்கப் படிக்க எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. வாருங்கள், ஓர் எட்டு எட்டிப் பார்த்துவிட்டு வருவோம்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். 1941 மே மாதம் ஜெர்மானியர்களின் குண்டுவீச்சில் பழைய சபை எரிந்துபோனது. புதிதாகக் கட்டும்போது பெரிதாகவே கட்டியிருக்கலாம். சர்ச்சில் சம்மதிக்கவில்லை. அதே நீள்சதுரம், அதே சின்ன அளவு, எல்லா உறுப்பினர்களுக்கும் இடம் இருக்கவே கூடாது என்று பிடிவாதமாக நின்றார். இன்றைக்கு எம்.பி.க்கள் 650 பேர், உட்கார இடமோ 427 பேருக்குத்தான். முக்கியமான நாளில் படிக்கட்டில் உட்கார்ந்து, வாசலில் நெருக்கியடித்து நிற்க வேண்டியதுதான். அந்த நெரிசலில்தான் விவாதத்துக்குச் சூடு பிறக்கும் என்பது அவருடைய கணக்கு. எவ்வளவு தேர்ந்த நாடகக்காரர் பாருங்கள்!

தரை விரிப்பில் இரண்டு சிவப்புக் கோடுகள் ஓடுகின்றன. பேசுகிறவர் தன் பக்கத்துக் கோட்டைத் தாண்டக் கூடாது. இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள தூரம் இரண்டு வாள் நீளம் என்று சொல்வார்கள். எம்.பி.க்கள் கோட்டு மாட்டும் அறையில் ஒவ்வொரு கொக்கியிலும் வாளைத் தொங்கவிட ஒரு ரிப்பன் இன்னமும் ஆடிக்கொண்டிருக்கிறது.

இப்போது ஓட்டெடுப்பு. மணி அடிக்கும். கட்டடம் முழுக்க அடிக்கும், பக்கத்துத் தெருவில் உள்ள சில மதுக்கடைகளிலும் ஓட்டல்களிலும்கூட அடிக்கும். எட்டே நிமிடம். அதற்குள் ஓடி வந்து, 'ஆம்' என்றால் ஒரு தாழ்வாரம், 'இல்லை' என்றால் இன்னொரு தாழ்வாரம் என்று நுழைந்துவிட வேண்டும். எட்டாவது நிமிடம் கதவைப் பூட்டிவிடுவார்கள். பிரதமரே வந்தாலும் வெளியேதான். உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராக வெளியே வரும்போது, இரண்டு தரப்பிலிருந்தும் நியமிக்கப்பட்டவர்கள் வாய்விட்டு எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும் நான்கு பேர் வரிசையாகச் சபைக்குள் வந்து சபாநாயகருக்குத் தலை வணங்குவார்கள். ஜெயித்த தரப்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பார்த்தே சபைக்கு முடிவு தெரிந்துவிடும். எண்ணை வாசிக்கும் முன்பே ஆரவாரம் கிளம்பிவிடும்.

இந்த எட்டு நிமிடத்துக்காகத்தான் கொறடாக்கள் வாரம் முழுக்கப் பாடுபடுகிறார்கள். யாருக்குக் காய்ச்சல், யார் வெளிநாட்டில், யாருக்கு வீட்டில் சண்டை, யார் எந்த மதுக்கடையில் இருப்பார், யார் தலைவர் மேல் கோபமாக இருக்கிறார், எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பந்தியில் இலை எண்ணுகிற பெரியப்பாவைப் போல எப்போதும் தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பார்கள்.

1974 அக்டோபர் தேர்தலில் லேபர் கட்சிக்கு 635-ல் 319 இடம். பெரும்பான்மை மூன்று! அந்த மூன்றும் எப்படிக் கரைந்தது என்பதே ஒரு சினிமாக் கதை. ஜான் ஸ்டோன்ஹவுஸ் என்ற லேபர் எம்.பி., முன்னாள் மந்திரி, அந்த நவம்பரில் மயாமி கடற்கரையில் துணிமணிகளை விட்டுவிட்டு மாயமானார். மூழ்கிவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பொய்ப் பெயரில் பிடிபட்டார். அப்போதும் அவர் எம்.பி.தான். 1976 ஏப்ரலில் அவர் லேபரை விட்டு விலக, ஆளுங்கட்சி சிறுபான்மையாகிவிட்டது.

இந்த நிலையில்தான் நம் கதாநாயகர்கள் இரண்டு பேர் வருகிறார்கள். லேபரின் துணைத் தலைமைக் கொறடா வால்டர் ஹாரிசன். யார்க்ஷயர்க்காரர், எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்து மேலே வந்தவர், கறாரானவர். எதிர்க்கட்சியான கன்சர்வேடிவில் அதே பதவியில் ஜாக் வெதரில். குடும்பத் தொழில் லண்டனில் உயர்தரத் தையல்கடை. யுத்த காலத்தில் இந்திய ராணுவத்தில் பணியாற்றியவர்; 1943 வங்காளப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்த பிறகு அசைவத்தைத் தொடவே இல்லை. எவ்வளவு உயரம் போனாலும் தான் தையற்காரன் என்பது மறக்கக் கூடாதென்று சட்டைப்பையில் எப்போதும் ஒரு தையல் விரலுறை வைத்திருப்பார். அந்த விரலுறைக்காகவே எனக்கு இந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும்.

சபைக்குள் இவர்களுடைய கட்சிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்தன. சபைக்குப் பின்னால் இவர்கள் இருவரும் தினமும் பேசியாக வேண்டும். எதற்கு? ஜோடி சேர்க்க. உங்கள் ஆள் ஒருவர் ஆஸ்பத்திரியில், எங்கள் ஆள் ஒருவர் வெளியூரில். இரண்டு பேருமே வர வேண்டாம், வித்தியாசம் மாறாது. இவ்வளவுதான் ஏற்பாடு. சபை விதிப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரி கிடையாது, கையெழுத்தும் கிடையாது. இவர் சொன்னார், அவர் கேட்டார், அதோடு முடிந்தது. ஒருத்தர் ஏமாற்றினால் மொத்தமும் இடிந்துவிடும்.

ஒருநாள் இடிந்தே விட்டது. 1976 மே 27. கப்பல் கட்டும் துறையையும் விமானத் துறையையும் தேசியமயமாக்கும் மசோதா. எதிர்க்கட்சியின் திருத்தத்துக்கு 303-க்கு 303! சமநிலை! வழக்கப்படி சபாநாயகர் ஜார்ஜ் தாமஸ் திருத்தத்துக்கு எதிராகத் தன் ஓட்டைப் போட்டார். அடுத்த ஓட்டெடுப்பில் அரசு 304-க்கு 303 என்று ஜெயித்தது. அந்த ஒரு ஓட்டு எங்கிருந்து முளைத்தது? ஜோடி சேர்த்து ஒதுங்கியிருக்க வேண்டிய லேபர் ஆள் ஒருவர் ஓட்டுப் போட்டுவிட்டார் என்று எதிர்க்கட்சி கொதித்தது. லேபர் எம்.பி.க்கள் சிலர் கட்சிப் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள். கன்சர்வேடிவின் மைக்கேல் ஹெசல்டைன் எழுந்து போய், மேஜை மேல் இருந்த சபையின் செங்கோலைத் தூக்கி, ஆளுங்கட்சி பெஞ்சை நோக்கி உயர்த்திக் காட்டினார். அவர் கட்சியின் ஜிம் ப்ரையர் ஓடிவந்து தடுத்தார். சபை ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் ஹெசல்டைன் மன்னிப்புக் கேட்டார். எல்லோரும் இந்தச் செங்கோல் காட்சியைத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் அன்றைய பெரிய சேதம் வேறு: கன்சர்வேடிவ் தரப்பு ஜோடி ஏற்பாட்டையே சில காலத்துக்கு முறித்துக்கொண்டது.

முறித்தால் என்ன ஆகும்? நோயாளிகள் வந்தாக வேண்டும்! ஆம்புலன்ஸ்கள் பார்லிமென்ட் முற்றத்துக்குள் வந்து நின்றன. எழுந்து நடக்க முடியாதவர் கட்டட எல்லைக்குள் உயிரோடு இருந்தால் போதும், இரு தரப்புக் கொறடாக்களும் போய்ப் பார்த்து, தலையாட்டினால் அவர் ஓட்டு சேர்ந்துவிடும். லேபர் எம்.பி. ஜோ ஆஷ்டன் சொன்ன கதை ஒன்று உண்டு. ஆம்புலன்ஸில் ஓர் உறுப்பினர் மாரடைப்பு வந்து அசையாமல் படுத்திருக்கிறார். இவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று எப்படி நம்புவது என்று எதிர்த்தரப்பு கேட்டதாம். லேபர் கொறடா ஒருவர் குனிந்து இதயத் துடிப்பு காட்டும் மெஷினின் குமிழைத் திருப்பினாராம். பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று துள்ளியது. போதுமா, எண்ணிக்கொள்ளுங்கள் என்றாராம்!

இப்படியே இழுத்துப் பிடித்து 1979 வந்துவிட்டது. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சபை கொடுப்பது பற்றி மார்ச் 1-ல் அங்கே ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவுதான் அதிகம், ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் என்ற நிபந்தனையைத் தொடவில்லை. ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் 11 எம்.பி.க்கள் அரசுக்கு எதிராகத் திரும்பினார்கள். எதிர்க்கட்சித் தலைவர் மார்கரெட் தாட்சர் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். மார்ச் 28, புதன்கிழமை. பிரதமர் ஜேம்ஸ் காலகன்.

அன்றைய நாளை நினைத்தாலே பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. பார்லிமென்ட் கேன்டீன் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஆட்சி கவிழப்போகிற ராத்திரியில் சமையலறை மூடியிருக்கிறது! வேல்ஸ் கட்சியின் மூன்று ஓட்டு, கல்குவாரித் தூசியால் நுரையீரல் கெட்ட தொழிலாளர்களுக்கு நஷ்டஈடு என்ற உறுதிமொழிக்கு அரசின் பக்கம் வந்தது. லிபரல் எம்.பி. க்ளெமென்ட் ஃபிராய்ட், மனோதத்துவ மேதை சிக்மண்ட் ஃபிராய்டின் பேரன், இடைத்தேர்தல் வேலையாக லிவர்பூலில் இருந்தார். லண்டன் ரயிலைத் தவறவிட்டுவிடுங்கள், நீங்கள் கேட்கும் தகவல் உரிமை மசோதாவுக்கு வழிவிடுகிறோம் என்று தனக்குத் தூது வந்ததாக அவரே பின்னாளில் சொன்னார். அவர் ரயிலைத் தவறவிடவில்லை. வட அயர்லாந்திலிருந்து மதுக்கடைக்காரர் ஃபிராங்க் மெக்குவயர் வந்தார். சபையில் வாய் திறக்காதவர் என்று பேரெடுத்தவர். இத்தனை தூரம் பயணப்பட்டு வந்து, நேரிலேயே இருந்து, ஓட்டுப் போடாமல் இருந்தார்!

இதற்கெல்லாம் நடுவே ஒரு ஓட்டு யார்க்ஷயரில் படுக்கையில் கிடந்தது. சர் ஆல்ஃபிரட் ப்ராட்டன், 76 வயது, லேபர் எம்.பி., தொழிலில் டாக்டர். வரத் தயார் என்றார். ஆம்புலன்ஸும் தயார். ஆனால் வழியிலேயே உயிர் போகலாம் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். அவரை அழைத்து வர வேண்டாம் என்று காலகன் முடிவெடுத்தார்.

ஹாரிசன் வெதரிலைத் தேடிப் போனார். ப்ராட்டனுக்கு ஜோடியாக ஓர் ஆளைக் கொடுங்கள் என்று கேட்டார். ஆட்சியையே தீர்மானிக்கும் ஓட்டுக்கு ஜோடி ஏற்பாடு கிடையாது, என் கட்சியில் ஒருவரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள் என்று வெதரில் உண்மையைச் சொன்னார். அதோடு நிறுத்தவில்லை. நம் இருவருக்கும் நடுவே ஒரு வாக்கு இருக்கிறது, ஆகவே நானே ஓட்டுப் போடாமல் இருந்துவிடுகிறேன் என்றார். யோசித்துப் பாருங்கள்! தன் கட்சி ஐந்து வருடமாகக் காத்திருந்த ராத்திரி. இவர் ஒதுங்கினால் கணக்கு 310-க்கு 310, வழக்கப்படி சபாநாயகர் ஓட்டு அரசுக்கு, அரசு பிழைக்கும், இவருடைய அரசியல் வாழ்க்கை அன்றோடு சரி. ஹாரிசனுக்கு இது நன்றாகத் தெரியும். 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. உங்களை அந்த நிலைமைக்குத் தள்ள மாட்டேன் என்று வெதரிலை வாக்கிலிருந்து விடுவித்துவிட்டார்.

அப்போது சபைக்குள் டி.வி. கேமரா கிடையாது, அது 1989-ல்தான் வந்தது. ரேடியோ ஒலிபரப்பு தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நாடு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. ஆளுங்கட்சி பெஞ்சில் ஜெயித்துவிட்டோம் என்று பேச்சு பரவியது, எதிர்க்கட்சி பெஞ்சில் முகங்கள் தொங்கின. பிறகு எண்ணிக்கை வாசிக்கப்பட்டது. தீர்மானத்துக்கு ஆதரவு 311. எதிர்ப்பு 310.

ஒரே ஒரு ஓட்டு! நமக்கு 1999 ஏப்ரல் 17 நினைவுக்கு வராமல் இருக்குமா? அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகு வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று கவிழ்ந்த நாள் அது.

ப்ராட்டன் ஐந்தாவது நாள், ஏப்ரல் 2-ம் தேதி இறந்துபோனார். மே 3 தேர்தலில் தாட்சர் ஜெயித்தார். அதன்பின் 18 வருடம் லேபர் ஆட்சிக்கு வரவே இல்லை. வெதரில் 1983-ல் சபாநாயகர் ஆனார். இந்தக் கொறடாக்களின் கதையை ஜேம்ஸ் கிரஹாம் 'திஸ் ஹவுஸ்' என்று நாடகமாக எழுத, 2012-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் அது மேடையேறியது.

ஜோடி ஏற்பாடு இன்றும் இருக்கிறது. ஆனால் 2018 ஜூலை 17-ல், பிறந்த குழந்தையோடு இருந்த லிபரல் டெமாக்ரட் எம்.பி. ஜோ ஸ்வின்சனுக்கு ஜோடியாக ஒதுங்கியிருக்க வேண்டிய கன்சர்வேடிவ் கட்சியின் சேர்மன் பிராண்டன் லூயிஸ், நெருக்கமான ஓட்டெடுப்பில் ஓட்டுப் போட்டுவிட்டார். தவறுதலாக நடந்தது என்று அரசு மன்னிப்புக் கேட்டது. கேட்டாலும் என்ன, நம்பிக்கை போய்விட்டதே. 2019 ஜனவரி 15, பிரெக்ஸிட் ஒப்பந்தத்தின் மீது ஓட்டெடுப்பு. நிறைமாதக் கர்ப்பிணியான லேபர் எம்.பி. துலிப் சித்திக் இனி ஜோடியை நம்ப மாட்டேன் என்று, பிரசவ அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டு, சக்கர நாற்காலியில் வந்து ஓட்டுப் போட்டார். இரண்டே வாரத்தில் சபை புது விதி கொண்டுவந்தது: பிரசவ விடுப்பில் இருப்பவர் சார்பில் வேறொரு எம்.பி. ஓட்டுப் போடலாம். ஹாரிசனும் வெதரிலும் வாய்ச்சொல்லில் நடத்தியதை இப்போது எழுதி வைக்க வேண்டியதாகிவிட்டது. விதி நல்ல விதி, வர வேண்டியதுதான். ஆனாலும் அந்த இரண்டு பேரின் சொல்தான் எனக்கு உசத்தி.

அடுத்த தடவை எந்த நாட்டுப் பார்லிமென்ட் நேரலையைப் பார்த்தாலும், நடுவில் நின்று கத்துகிறவரைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள். வாசல் ஓரமாக, கையில் பெயர்ப் பட்டியலோடு, எதிர்க்கட்சிக்காரரிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பவரைக் கவனியுங்கள்.